மே 31-க்கு அப்புறம்: சுங்கை சிப்புட்டில் ஒரு வரலாற்று வகுப்பு

2024 மே, ஜூன் மாதங்களில் பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில், ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் நடக்கும் இலவச வரலாற்று வகுப்பில் நடந்தது இது. மலேசியாவும் சீனாவும் 1974இல் தூதரக உறவு ஏற்படுத்திக்கொண்ட கதையை மாணவர்களையே நடிக்க வைத்துச் சொல்லித் தரலாம் என்று இறங்கினேன். இரண்டாவது வாரமே வகுப்பு நின்றுபோனது. ஏன் நின்றது, எப்படித் திரும்பத் தொடங்கினோம், கடைசியில் கையில் என்ன மிஞ்சியது என்பதை, இதே மாதிரி பாடம் எடுக்க நினைக்கும் ஆசிரியர்களுக்காக எழுதி வைக்கிறேன். சம்பந்தப்பட்ட இரண்டு குடும்பங்களிடமும் கேட்டுவிட்டேன். ஆட்களின் பெயர், தோட்டத்தின் பெயர், கோயிலின் பெயர் எதுவும் இதில் வராது.

பின்னணி

ஈப்போவிலிருந்து வடக்கே காரில் அரை மணி நேரம் போனால் சுங்கை சிப்புட். ஒரு காலத்தில் சுற்றிலும் கித்தா மரம், அதாவது ரப்பர். இப்போது கண்ணுக்கெட்டிய மட்டும் செம்பனை, எண்ணெய் எடுக்கும் பனை. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் தாமான்களில், அதாவது புதுக் குடியிருப்புகளில், இருக்கிறார்கள். ஆனால் தாத்தா எந்தத் தோட்டம் என்று கேட்டால் இன்றைக்கும் பட்டென்று பதில் வரும்.

இந்த ஊர் வரலாற்றுப் புத்தகத்தில் ஏறியது ஒரு கெட்ட காலையால். 1948 ஜூன் 16 அன்று இங்குள்ள இரண்டு தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டிப் பிரிட்டிஷ் அரசு அவசரகாலத்தை அறிவித்தது. மலாயா கம்யூனிஸ்ட் கட்சி ஆயுதத்தோடு காட்டுக்குள் போனது. 1960 ஜூலை 31 வரை அவசரகாலம் நீடித்தது. 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்படி சுமார் 5 லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, முள்கம்பி வேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றினார்கள். தோட்டங்களிலும் சிதறிக் கிடந்த லயங்களைக் கலைத்து எல்லோரையும் ஒரே வேலிக்குள் கொண்டுவந்தார்கள்.

வகுப்பில் 16 பேர், 5ஆம் படிவமும் 6ஆம் படிவமும் கலந்து. எல்லோரும் தமிழ்ப் பிள்ளைகள். படிப்பதும் தேர்வு எழுதுவதும் மலாயில், வகுப்பில் பேசுவது தமிழில். நான் இடைநிலைப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன். மண்டபத்துக்கு வாடகை கிடையாது. மின்விசிறி ஓடும் கரண்டுக் காசைக்கூடக் கோயில் நிர்வாகம்தான் கட்டுகிறது. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். பின்னால் நிர்வாகத் தலைவர் கோபப்பட்டபோது அவர் பக்கமும் நியாயம் இருந்தது.

ஏன் இந்தப் பாடம்

2024 மே 31 அன்று மலேசிய–சீன உறவுக்கு 50 வயது. செய்திகளில் அதுதான் பேச்சு. என் மாணவர்களுக்கும் விடை தெரியும்: நம் பிரதமர் துன் அப்துல் ரசாக் பெய்ஜிங் போனார், சீனப் பிரதமர் சூ என்லாயுடன் கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டார், தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் சீனாவுடன் உறவு வைத்த முதல் நாடு மலேசியா. இதை எழுதினால் முழு மதிப்பெண். ஆனால் 17 வருடமாக ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காத இரண்டு நாடுகள் எப்படி ஒரு மேசையில் உட்கார்ந்தன என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்த ‘எப்படி’யைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். நான்கு சனிக்கிழமை, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், ஜூன் 1-க்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

முதல் சனி, மே 11

நன்றாகவே போனது. சீனா ஒரு காலத்தில் நமக்கு எதிரி நாடு மாதிரி என்று நான் ஆரம்பித்ததும், பின்வரிசைப் பையன் ஒருவன் தான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் முக்காலியைக் கவிழ்த்து அடியில் அச்சாகியிருந்ததைப் படித்தான். சீனாவில் செய்தது. அப்புறம் எல்லோரும் கையில் கிடைத்ததையெல்லாம் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். மின்விசிறி, பேனா, கைப்பேசி, மணியைத் தவிர மண்டபத்தில் இருந்த மற்ற எல்லாமும்.

பாடத்தைக் காலவரிசைப்படி சொன்னேன். 1957இல் மலாயா சுதந்திரம் பெற்றபோது பெய்ஜிங் வாழ்த்து அனுப்பியது, ஆனால் தூதர் யாரும் வரவில்லை, நாமும் அனுப்பவில்லை. 1963இல் மலேசியா உருவானதும் இந்தோனேசியா எதிர்த்து மல்லுக்கு நின்றது. சீனா ஜகார்த்தாவின் பக்கம் சாய்ந்தது. 1969 நவம்பரில் சீனாவின் ஹூனான் மாநிலத்திலிருந்து ‘மலாயாப் புரட்சிக் குரல்’ என்ற வானொலி ஒலிபரப்ப ஆரம்பித்தது. அதை நடத்தியது மலாயா கம்யூனிஸ்ட் கட்சி. அதாவது, நம் அரசைக் கவிழ்க்கச் சொல்லும் குரல் அவர்கள் மண்ணிலிருந்து வந்துகொண்டிருந்தது.

பிறகு காற்று மாறியது. 1970இல் ரசாக் பிரதமரானார். பிரிட்டிஷ் படைகள் இந்தப் பக்கத்திலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தன. 1971 மே மாதம் தெங்கு ரசாலி ஹம்சா தலைமையில் ஒரு வணிகக் குழு சீனாவுக்குப் போனது. பேச்சில் முக்கியமான சரக்கு ரப்பர். (இதைக் கேட்டதும் மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தாத்தா பால்வெட்டிய மரம் ராஜதந்திரத்தில் வருகிறதே!) ஆகஸ்டில் சீன வணிகக் குழு பதிலுக்கு வந்தது. அக்டோபர் 25 அன்று ஐ.நா.வில் சீனாவின் இடம் தைவானுக்கு அல்ல, பெய்ஜிங்குக்கே என்ற தீர்மானத்துக்கு மலேசியா ஆதரவாக வாக்களித்தது. 1973 ஜூனில் பேச்சுவார்த்தை தொடங்கியது, அதுவும் நியூயார்க்கில், இரு நாடுகளின் ஐ.நா. தூதர்களுக்கு இடையில். இழுத்தடித்து ஒரு வருடம் ஆனது.

ஏன் நியூயார்க் என்று கேட்டேன். ஒரு மாணவி சொன்னாள்: “எங்க வீட்டுலயும் அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்க மாட்டாங்க ஐயா. யாராவது கல்யாணத்துல பாத்தாதான் பேசுவாங்க.” இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகாமல், யாரும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்காத மூன்றாவது இடத்தில் பேசுவது. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது எனக்கு ரொம்பத் திருப்தி.

இரண்டாம் சனி, மே 18

5 பேர் பெய்ஜிங், 5 பேர் கோலாலம்பூர், 3 பேர் அறிக்கை எழுதுபவர்கள், 3 பேர் நிருபர்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு அட்டை எழுதிக் கொடுத்திருந்தேன். உண்மையான கூட்டறிக்கையில் இருந்த விஷயங்கள்தான் அதில் இருந்தன: சீனாவின் ஒரே சட்டபூர்வ அரசு எது, தைவானைப் பற்றி என்ன எழுதுவது, தைப்பேயில் உள்ள நம் துணைத் தூதரகத்தை மூடுவதா, இரட்டைக் குடியுரிமை கிடையாது என்பதை எப்படிச் சொல்வது. அட்டையின் கடைசி வரியில் நானே எழுதியிருந்தேன்: ‘கம்யூனிஸ்ட் கட்சி விஷயத்தை எடுக்க வேண்டாம், உண்மையான அறிக்கையிலும் அது இல்லை.’

அந்த வரி தகவலாகப் பார்த்தால் சரிதான். 1974 அறிக்கையில் மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் பெயரே கிடையாது. அது மலேசியாவின் உள்விவகாரம் என்று சீனத் தரப்பு பேச்சில் சொன்னதாக ரசாக் திரும்பி வந்து அறிவித்தார். தாளில் ஏறவில்லை. ஆனால் அன்றைக்குக் கோலாலம்பூர் குழுவில் இருந்தவர்களுக்கே அது எவ்வளவு உறுத்தியிருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. சுங்கை சிப்புட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு உறுத்தும் என்றும் யோசிக்கவில்லை.

கோலாலம்பூர் குழுவில் இருந்த 5ஆம் படிவ மாணவன் ஒருவன், கையெழுத்துப் போடும் நேரத்தில் பேனாவைக் கீழே வைத்தான். “வானொலிய நிறுத்தறோம்னு எழுதச் சொல்லுங்க. இல்லாட்டி நான் சைன் பண்ண மாட்டேன்.” நடிப்பு சூடுபிடிக்கிறது என்று நினைத்தேன். இல்லை. அவன் பாட்டியின் அப்பா ஒரு தோட்டத்தில் மண்டோராக, அதாவது தொழிலாளர்களை மேய்க்கும் கங்காணியாக, இருந்தவர். 1951இல், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போகும் வழியில் அவரைச் சுட்டுவிட்டார்கள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பையன்.

பெய்ஜிங் குழுவில் இருந்த 6ஆம் படிவ மாணவி சும்மா இருக்கவில்லை. அவளுடைய கொள்ளுத்தாத்தா தொழிற்சங்கத்தில் இருந்தவர். 1949இல் பிடித்துக்கொண்டு போய், கொஞ்ச நாள் அடைத்துவைத்து, கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். மனைவியும் கைக்குழந்தையும் இங்கேயே நின்றுவிட்டார்கள். அவர் திரும்பி வரவே இல்லை. அதே ஆண்டு மே 4 அன்று தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை புடு சிறையில் தூக்கிலிட்டார்கள், முதல் நாள் இன்னொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனனைச் சுட்டுக் கொன்றார்கள் என்பதெல்லாம் அந்த வீட்டில் பாடம் மாதிரி சொல்லப்படும். அவள் சொன்ன வாக்கியம் இது: “ஒங்க தாத்தா தொரைக்கு ஆள் காட்டிக் குடுத்தவரு. அதான் சுட்டாங்க.”

மாணவன் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டான். நிருபர்களாக இருந்த மூன்று பேரும் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் வகுப்பை அதோடு முடித்தேன். உடனே அவன் பின்னால் போயிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக முக்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு இரண்டு போன். முதலாவது மாணவனின் அப்பா. குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “எங்க தாத்தாவ ஆள்காட்டின்னு சொல்ற எடத்துக்கு எம்பையன் வரமாட்டான் சார்.” அடுத்தது கோயில் நிர்வாகத் தலைவர். மண்டபத்தில் கம்யூனிஸ்ட் பேச்சு நடந்ததாமே என்றார். நாளைக்கு யாராவது போலீசில் எழுதிப்போட்டால் பதில் சொல்ல வேண்டியது நிர்வாகம்தானே என்றும் கேட்டார். அவர் கேட்டது தப்பில்லை.

நின்ற இரண்டு வாரம்

மே 25, ஜூன் 1 இரண்டு வகுப்பையும் நிறுத்தினேன். வேறு பாடத்துக்கு மாறிவிடுவதுதான் சுலபமான வழி. அதைச் செய்யாததற்குக் காரணம், அந்த மாணவியின் வாக்கியம் வகுப்பில் சொல்லப்பட்டுவிட்டது. பாடத்தை மாற்றினால் அந்த வாக்கியம்தான் கடைசி வார்த்தையாக நிற்கும்.

முதலில் தலைவரைப் பார்த்தேன். பாடத்திட்டத்தில் உள்ளதைத்தான் எடுக்கிறேன் என்று புத்தகத்தைக் காட்டினேன், அப்புறம் மண்டபம் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். அவரைச் சங்கடத்தில் நிறுத்திவிட்டுப் பிள்ளைகளுக்குப் பேச்சுவார்த்தை பற்றிச் சொல்லித்தருவது அசிங்கமாகப் பட்டது. மீதி வகுப்புகள் என் வீட்டுக் கார்ஷெட்டில். அதற்குப் பிறகு அவர் கொஞ்சம் இளகினார், முக்காலிகளைக் கொடுத்தனுப்பினார்.

இரண்டு வீடுகளுக்கும் தனித்தனியாகப் போனேன். இரண்டு பேரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்து மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள் என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். நான் ஒப்பவில்லை. மாணவி மன்னிப்புக் கேட்கத் தயார்தான். ஆனால் அவள் எதற்காக மன்னிப்புக் கேட்பது? சொன்ன விதத்துக்கா, அவள் வீட்டில் 75 வருடமாக நம்பிக்கொண்டிருப்பதற்கா? முதலாவதற்கு என்று அவள் நினைத்துக் கேட்பாள். இரண்டாவதற்கு என்று அவன் வீட்டில் எடுத்துக்கொள்வார்கள். மறுபடி வெடிக்கும்.

மாணவன் வீட்டில் பேசியது அவன் அப்பா. கேட்டுக்கொண்டிருந்தது அவர் அம்மா, அதாவது சுடப்பட்டவரின் மகள். 80 வயதைத் தாண்டியவர். கிளம்பும்போது என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “அந்தப் புள்ளயோட பாட்டன் திரும்பி வந்தாரா?” இல்லை என்றேன். “அப்ப சரி” என்றார். என்ன சரி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் பையன் வரலாம் என்று அவர்தான் முடிவு செய்தார், தானும் கூட வருவதாக.

மாற்றிய முறை

1974 மலேசிய–சீன அறிக்கை ஒரே குரலில் எழுதப்பட்டது. ஒத்துப்போனதை எழுதினார்கள், ஒத்துப்போகாததை விட்டுவிட்டார்கள். இன்னொரு முறையும் இருக்கிறது. 1972 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்குப் போனபோது வெளியான ஷாங்காய் அறிக்கையில், அமெரிக்கா தன் கருத்தைத் தனியாகவும் சீனா தன் கருத்தைத் தனியாகவும் எழுதின. பொதுவானதை மட்டும் சேர்ந்து எழுதினார்கள். அதற்குப் பிறகும் முழு உறவுக்கு 1979 ஜனவரி 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் பேச்சு முறியவில்லை.

எங்கள் வகுப்புக்கு ஷாங்காய் முறைதான் சரி என்று முடிவு செய்தேன். பெய்ஜிங், கோலாலம்பூர் வேடங்களைக் கலைத்துவிட்டேன். பாடத்தை ‘மே 31-க்கு அப்புறம் என்ன நடந்தது’ என்று மாற்றினேன். கையெழுத்தோடு கதை முடிந்தது என்று வைத்துக்கொண்டதுதான் என் முதல் திட்டத்தின் கோளாறு.

மூன்றாம் சனி, ஜூன் 8

13 பேர் வந்தார்கள். மாணவனும் பாட்டியும் வந்தார்கள். மாணவியும் வந்தாள், நேர் எதிர் மூலையில் உட்கார்ந்தாள்.

நான் இன்னொருவரையும் அழைத்திருந்தேன்: ஊரில் மளிகைக்கடை வைத்திருக்கும் சீனப் பெரியவர். எங்கள் தலைமுறைக்கு அவர் வெறும் தவுக்கே, அதாவது கடை முதலாளி. தோட்டத்துத் தமிழ் அவருக்கு நன்றாகவே வரும், சண்டைத் தமிழ் இன்னும் நன்றாக வரும். அவர் வளர்ந்தது வேலி போட்ட புதுக்கிராமத்தில். அவருடைய தாய்மாமாவை அவசரகாலத்தில் சீனாவுக்கு நாடு கடத்திவிட்டார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்கள் பல ஆயிரம் பேர்.

பலகையில் ஒரு கோடு இழுத்து 1974 மே 31 என்று எழுதினேன். அடுத்து ஜூன் 7. கையெழுத்துப் போட்டு ஒரு வாரத்தில், கோலாலம்பூரில் நாட்டின் போலீஸ் படைத் தலைவர் அப்துல் ரஹ்மான் ஹாஷிமைக் கம்யூனிஸ்ட் துப்பாக்கிக்காரர்கள் சுட்டுக் கொன்றார்கள். இந்த வகுப்புக்கு முதல் நாள்தான் அதற்கும் 50 வருடம் முடிந்திருந்தது. அதற்கு ஒரு செய்திகூடக் கண்ணில் படவில்லை. 1974 ஆகஸ்டில் பொதுத்தேர்தல். சீனத் தலைவர் மாவோவின் கையைப் பிடித்திருக்கும் ரசாக்கின் படம் சுவரெங்கும். 1978 நவம்பரில் சீனத் தலைவர் டெங் சியாவோபிங் கோலாலம்பூர் வந்தார். அரசுக்கு அரசு உறவு வேறு, கட்சிக்குக் கட்சி உறவு வேறு என்றார். அந்த வானொலி 1981 ஜூன் 30 வரை பேசிக்கொண்டுதான் இருந்தது. 1989 டிசம்பர் 2 அன்று தாய்லாந்தின் ஹாட்யாய் நகரில் மலேசிய அரசு, தாய்லாந்து அரசு, மலாயா கம்யூனிஸ்ட் கட்சி மூன்று தரப்பும் சேர்ந்து சண்டையை முடித்தன.

மாணவன் எழுந்தான். “அப்ப நான் கேட்டது தப்பு இல்லதானே சார்? ஏழு வருஷம் வானொலி நிக்கலயே.” தப்பில்லை என்றேன். ஆனால் அதைத் தாளில் எழுதினால்தான் கையெழுத்து என்று நின்றிருந்தால் 1974இல் தாளே வந்திருக்காது. அவன் உட்கார்ந்தான். ஒப்புக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

தவுக்கேயிடம் கோட்டில் அவர் வருடத்தைக் குறிக்கச் சொன்னேன். சாக்குக்கட்டியை வாங்கி நேராக 1990க்குப் போனார். “கையெழுத்து போட்டாச்சின்னு எங்கம்மா அழுவுது, தம்பிய பாக்கலாம்னு. எங்க போவ? பாஸ்போட்டு கேட்டா வயசானவங்களுக்குதான். எங்கம்மா போச்சி, நான் போவ முடியல.” உறவு ஏற்பட்ட பிறகும் சாதாரண மலேசியர்கள் சீனாவுக்குப் போவதற்குக் கட்டுப்பாடு இருந்தது, அது 1990இல்தான் நீங்கியது. அவர் போனபோது மாமா இல்லை. மாமா மகன் கூட்டிக்கொண்டு போய்க் கல்லறையைக் காட்டியிருக்கிறார்.

இதெல்லாம் நான் திட்டமிட்டது. திட்டமிடாதது இனிமேல்தான். பாட்டி தவுக்கேயைப் பார்த்து, “ஒங்க கம்பத்துலயும் கேட்டுல சோத்த பாப்பாங்களா?” என்று கேட்டார். அவசரகாலத்தில் காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போகக்கூடாது என்பதற்காக, காலையில் வேலைக்குப் போகிறவர்களை வாசலில் நிறுத்திச் சோதிப்பார்கள். பாட்டி கையால் காட்டினார்: தகர டின்னின் மூடியைத் திறந்து இப்படி நீட்ட வேண்டும், போலீஸ்காரன் குச்சியை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றுவான். அதே குச்சியைத்தான் எல்லார் டின்னிலும். ஒரு பிடிச் சோறு இருந்தால்கூடக் கொட்டச் சொல்லிவிடுவான். தண்ணீர் மட்டும் போகலாம். தவுக்கே சிரித்தார். அவர் அம்மா கித்தா வாளியின் அடியில் அரிசி ஒளித்துக்கொண்டு போய் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னார். அரிசி யாருக்கு என்று பாட்டி கேட்டார். தவுக்கே பதில் சொல்லவில்லை. பாட்டியும் மறுபடி கேட்கவில்லை. இரண்டு பேரும் அடுத்து மண்ணெண்ணெய் விலைக்குப் போய்விட்டார்கள்.

நான் அந்த இடத்தில் வாயைத் திறக்கவில்லை. அந்த நான்கு வாரத்தில் நான் சரியாகச் செய்த காரியங்களில் அது ஒன்று.

நான்காம் சனி, ஜூன் 15

அறிக்கை எழுதும் நாள். பொதுப் பகுதி நான்கு வரி; அது சுலபமாக முடிந்தது. எந்த வருடம் என்ன நடந்தது என்பதில் தகராறு இல்லை. அதற்குக் கீழே இரண்டு தனிப் பத்திகள், மாணவன் எழுதியது ஒன்று, மாணவி எழுதியது ஒன்று. ஒரே நிபந்தனை: அடுத்தவர் பத்தியைப் படித்து ஒரே ஒரு சொல்லை மாற்றும்படி கேட்கலாம். கேட்டவுடன் கொடுக்க வேண்டியதில்லை, பேசிக்கொள்ளலாம்.

அவன் ‘பயங்கரவாதிகள் சுட்டார்கள்’ என்று எழுதியிருந்தான். அவள் ‘போராளிகள்’ என்று கேட்டாள். அவன் மாட்டேன் என்றான். பிரிட்டிஷ் அரசே முதலில் ‘கொள்ளைக்காரர்கள்’ என்றுதான் எழுதியது, 1952இல்தான் ‘கம்யூனிஸ்ட் பயங்கரவாதிகள்’ என்று மாற்றியது என்று நான் சொன்னேன். பேர் வைப்பதிலேயே பாதிச் சண்டை நடந்திருக்கிறது என்பது இரண்டு பேருக்கும் புதிது. 25 நிமிடம் கழித்து ‘காட்டிலிருந்து துப்பாக்கியோடு வந்தவர்கள்’ என்று முடிவானது.

அவள் பத்தியில் ‘சங்கத்தில் இருந்ததற்காக நாடு கடத்தினார்கள்’ என்று இருந்தது. ‘கம்யூனிஸ்ட் என்பதால்’ என்று அவன் கேட்டான். இதில் கொஞ்சம் உதவி செய்தேன். 1974 அறிக்கையில் மலேசியா பெய்ஜிங் அரசை ‘அங்கீகரிக்கிறது’. தைவான் சீனாவின் பிரிக்க முடியாத பகுதி என்ற விஷயத்திலோ அப்படி எழுதவில்லை. ‘அது சீன அரசின் நிலைப்பாடு என்பதை ஏற்றறிகிறது’ என்கிற மாதிரி எழுதியிருக்கிறது. நீ அப்படிச் சொல்கிறாய் என்பது எனக்குத் தெரியும், அவ்வளவுதான். தமிழில் அதற்குக் கஷ்டப்படவே வேண்டாம், ‘என்று சொல்லி’ போதும் என்று ஒரு மாணவி கண்டுபிடித்தாள். அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்ளாத வீட்டுப் பெண்தான். ‘கம்யூனிஸ்ட் என்று சொல்லி நாடு கடத்தினார்கள்.’ சொன்னது உண்மையா பொய்யா என்று வாக்கியம் வாய் திறக்கவில்லை. இரண்டு பேரும் ஏற்றுக்கொண்டார்கள்.

‘ஆள்காட்டி’ என்ற சொல் எந்தப் பத்தியிலும் இல்லை. எடுத்துவிடு என்று யாரும் கேட்கவில்லை, அவளாகவே எழுதவில்லை. 13 பேரில் 12 பேர் கையெழுத்துப் போட்டார்கள். மாணவன் தன் பத்திக்குக் கீழே மட்டும் போட்டான், பொதுப் பகுதிக்குப் போடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, பாட்டி படித்துவிட்டுச் சொன்னால் போடுகிறேன் என்றான். பாட்டிக்குப் படிக்க வராது. அவன்தான் படித்துக் காட்ட வேண்டும்.

பிறகு

வராமல் நின்ற மூன்று பேரில் ஒருவர் திரும்பி வந்தார். இரண்டு பேர் வரவில்லை. அந்த இரண்டு வீட்டுக்கும் நான் போகவில்லை, அது என் குறை. மாணவனும் மாணவியும் நண்பர்களாகிவிட்டார்கள் என்றெல்லாம் இல்லை. வகுப்பில் ஒருவர் குறிப்பேட்டை ஒருவர் கேட்டு வாங்குகிறார்கள், அவ்வளவு. ஜூலையில் மாணவியின் தாத்தா, தன் அப்பா இந்தியாவிலிருந்து அனுப்பிய ஒரே புகைப்படத்தைக் கொடுத்தனுப்பினார், பலகையில் போட்டுக் காட்டச் சொல்லி. காட்டினேன். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை.

கோயில் நிர்வாகத் தலைவர் அறிக்கையைப் படித்துவிட்டு ஒரு நகல் கேட்டார். ஆகஸ்ட் முதல் வகுப்பு மறுபடி மண்டபத்தில். அந்தத் தாளில் கோயில் பெயர் வரக்கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

மறுபடி எடுத்தால்

வேடம் போடும் வகுப்பை விடமாட்டேன். ஆனால் ‘இதை எடுக்க வேண்டாம்’ என்ற வரி இனி எந்த அட்டையிலும் இருக்காது. மாணவர்கள் எதை விட்டுவிடுவது என்று அவர்களே உட்கார்ந்து முடிவு செய்யட்டும்; விட்டதைத் தனித் தாளில் எழுதிவைக்கட்டும். நியூயார்க்கில் உட்கார்ந்தவர்களும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்திருப்பார்கள். தொடங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டிலும் அவசரகாலத்தைப் பற்றி என்ன சொல்வார்கள் என்று கேட்டுக்கொண்டு வரச் சொல்வேன். எனக்கு அது தெரிந்திருந்தால் அந்த இரண்டு பேரையும் எதிரெதிர் மேசையில் உட்கார வைத்திருக்க மாட்டேன். பெற்றோருக்கும் நிர்வாகத்துக்கும் பாடம் என்ன என்று ஒரு பக்கம் எழுதி முன்கூட்டியே கொடுத்துவிடுவேன்.

அடுத்த பாடம் இந்தோனேசியா: அந்த மோதலை முடிக்க 1966 ஆகஸ்ட் 11 அன்று ஜகார்த்தாவில் கையெழுத்தான உடன்பாடும், அதற்கு முன்னால் பாங்காக்கில் நடந்த பேச்சும். தவுக்கேயை முதல் சனிக்கிழமையே அழைக்கலாம் என்றிருக்கிறேன். அவர் கடையை மகனிடம் கொடுத்துவிட்டு இப்போது காலையில் மட்டும்தான் வருகிறார், அதனால் வகுப்பை 9 மணிக்கு மாற்ற வேண்டியிருக்கும். பாட்டியும் வருகிறேன் என்றிருக்கிறார், மழை இல்லாவிட்டால்.